நேர்ந்துவிட்ட கால்

அத்தியாயம் பதினொன்று

கிருசாந்தன் தங்கைக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை ஒரு கிழமை காப்பாற்றினான். சனிக்கிழமை காலை, தோர்ண்டன் ஹீத்தில் தாயின் குசினிக்குள் நின்றுகொண்டு அதை மீறினான்.

“அம்மா, றொசாந்தி அந்த வேலை வேண்டாமெண்டு சொல்லப்போறாள்.”

பெர்னடெற் அப்பத்துக்கு மாக் கரைத்துக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை.

“எந்த வேலை?”

“கொலிஜ் வேலைதான். இவ்வளவு காலமும் கிழமையிலை ரெண்டு நாள் போய்ப் பழக்கினவள். இப்ப முழுநேர வேலையாக் குடுக்கப்போயினம். இண்டைக்குப் பயிற்சியைப் பார்க்க ஆக்கள் வருகினம். ஒரேயொரு நிபந்தனை. அவள் ஐஸிலை இறங்கி நிண்டு பழக்கிக் காட்டவேணும்.”

“காட்டட்டன்.”

“காட்டமாட்டாளாம்.”

“ஏனாம்? முழங்கால் நோகுதாமோ?”

கிருசாந்தன் யன்னல் பக்கம் திரும்பினான். நோர்தேர்ன் லைனில் ரயில் ஓட்டுகிறவன் அவன். சுரங்க இருட்டை நேரே பார்த்தபடி வேலை செய்து பழகியவனுக்கு, அன்று தாயின் முகத்தை நேரே பார்க்க முடியவில்லை.

“முழங்கால் எப்பவோ சுகம், அம்மா. நீங்கள் வைச்ச நேர்த்திதான் தடுக்குது.”

கரண்டி நின்றது.

போன கிழமை காருக்குள் இருந்து அழுதபடி றொசாந்தி தமையனிடம் சொன்னது இதைத்தான். சொல்லிவிட்டு, “அம்மாவிட்டை மூச்சு விடமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு” என்று கையையும் பிடித்துக்கொண்டாள்.

பதினான்கு வருடங்களுக்கு முன்பு அவள் அதே கல்லூரியில் படித்துக்கொண்டு, அதே ஐஸ் ஹொக்கி அணிக்கு ஆடிக்கொண்டிருந்தாள். ஓர் ஆட்டத்தில் பக்கத் தடுப்பில் மோதி முழங்கால் சிதறிப்போனது. சத்திரசிகிச்சை முடிந்து அவள் கிடந்த கட்டிலுக்கும் சேலைன் கம்பிக்கும் நடுவில் பெர்னடெற் முழந்தாளிட்டாள். கையில் செபமாலை.

“மடு மாதாவே, என்ரை பிள்ளை எழும்பி நடந்தால் எனக்குக் காணும். இனி அவள் ஐஸிலை கால் வைக்கமாட்டாள்.”

பிள்ளை மயக்கத்தில் இருப்பதாகத் தாய் நினைத்தாள். கண்கள் மூடித்தான் இருந்தன. காது மூடியிருக்கவில்லை.

பிள்ளை எழும்பி நடந்தாள். அடுத்த ஆடி மாதம் வால்சிங்கம் யாத்திரையில் பெர்னடெற் சின்னதாக ஒரு வெள்ளிக் கால் செய்வித்து மாதாவின் பாதத்தில் வைத்தாள். றொசாந்தி பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. மகள் தானாகவே விளையாட்டை விட்டுவிட்டாள், மாதாதான் அவள் மனதைத் திருப்பினாள் என்று தாய் நன்றி சொன்னாள். அம்மா தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவள் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று மகள் நினைத்தாள். ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த அன்பில் குறையே இல்லை. ஆனால் பேசாத அன்பு சில வேளை இருட்டில் கதிரையை நகர்த்துகிற மாதிரி. நல்லதுக்குத்தான் நகர்த்துகிறோம், யாரோ ஒருவரின் காலில்தான் இடிக்கிறது.

“எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!” என்றாள் பெர்னடெற்.

“சொன்னால் நீங்கள் விடச் சொல்லுவியளாம். பிறகு மாதாவுக்கு முன்னாலை நீங்கள் பொய்க்காறியா நிக்கவேணுமாம். அதுக்கு வேலை போனாலும் பரவாயில்லையாம்.”

பெர்னடெற் அடுப்பை அணைத்தாள். மாச்சட்டியை மூடினாள். மாடிப்படிக்குக் கீழேயிருந்த அலுமாரியைத் திறந்து, பழைய குடைகளையும் கிறிஸ்மஸ் மரத்தையும் தள்ளிவிட்டு, உள்ளேயிருந்து ஒரு பையை இழுத்தாள். பைக்குள் ஒரு சோடி சறுக்குச் சப்பாத்து. அந்த வீட்டில் அதற்குப் பெயர் ‘கத்திச் சப்பாத்து’.

“இதை எறிஞ்சிட்டன் எண்டெல்லோ சொன்னனீங்கள்!”

“உங்கட அப்பா வாங்கிக் குடுத்தது. எறிய மனம் வரேல்லை. கார் எடு.”

“றிங்குக்கோ?”

“முதல் கோயிலுக்கு. பாதரைக் கேக்காமல் ஒண்டும் செய்யேலாது.”

*

அந்த நேரம் ஸ்ட்ரெத்தம் பனி அரங்கில் றொசாந்தி தன் வழக்கமான இடத்தில் நின்றாள். ஆட்டக்காரர்கள் உட்காரும் பெட்டிக்குள், றப்பர் விரிப்பின் மேல், சாதாரண சப்பாத்தோடு.

நேர்த்தி காலுக்குத்தான். கண்ணுக்கில்லையே. அந்த ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பயிற்றுநர் ஆனாள்.

டூட்டிங்கில் ஒரு மருந்துக்கடையில் அரைநேர வேலை. மிச்ச நேரமெல்லாம் இந்தக் கல்லூரிப் பெண் பிள்ளைகள். அவள் பொறுப்பெடுத்தபோது ஓர் அணிக்கு ஆள் காணாது. கோல் காக்க வந்தவள் அதற்கு முன்பு ஐஸைக் குளிர்பானத்துக்குள்தான் கண்டிருந்தாள். ஆண்கள் அணி கழித்துவிட்ட சட்டைகளைப் போட்டுக்கொண்டு போய், போன இடமெல்லாம் தோற்றுத் திரும்பினார்கள்.

மற்றப் பயிற்றுநர்கள் தாங்களே சறுக்கி ஓடிக் காட்டுவார்கள். றொசாந்தியால் காட்ட முடியாது. ஆகவே அவள் பார்க்கப் பழகினாள். ஒரு பிள்ளை திரும்பும்போது எந்த இடுப்பு பிந்துகிறது, எந்தத் தோள் பயப்படுகிறது என்று பெட்டிக்குள் நின்றே பார்த்துவிடுவாள். பிறகு சொல்லப் பழகினாள். கல்லூரி உடற்பயிற்சி மண்டபத்தில் காலுறையோடு வழுக்கி வழுக்கிச் செய்து காட்டுவாள். முதல் மாதம் முழுக்க அவள் கற்றுக்கொடுப்பது ஒன்றே ஒன்று: எப்படி விழுவது.

“விழுந்து எழும்பத் தெரிஞ்ச பிள்ளை எதுக்கும் பயப்படாது” என்பாள்.

அவளிடம் பழகியவர்களில் இரண்டு பேர் இன்று நாட்டுக்காக ஆடுகிறார்கள். போன பருவத்தில் அணி முதல் முறையாகக் கிண்ணம் வென்றது. ஆனால் கல்லூரியில் அவளை அறிந்தவர்களைக் கேட்டால் கிண்ணத்தைச் சொல்லமாட்டார்கள். வீட்டு நினைவில் படிப்பை விட்டுவிட்டுப் போக இருந்த ஒரு வேல்ஸ் நாட்டுப் பிள்ளையைக் கிறிஸ்மசுக்குத் தன் தாயின் வீட்டுக்குக் கூட்டிப்போய், பக்கத்தில் இருத்தி, புட்டும் கோழிக்கறியும் சாப்பிட வைத்ததைச் சொல்வார்கள். அந்தப் பிள்ளைதான் ஹேசல். இப்போது அணித் தலைவி.

ஐஸில் மட்டும் கால் வைத்ததில்லை. ஒருமுறை ஒரு பிள்ளை தடுப்பு ஓரமாக விழுந்து எழும்பாமல் கிடந்தபோதுகூட, றொசாந்தி தடுப்பின் மேல் வயிறு படக் கவிழ்ந்து, தலைகீழாகத் தொங்கியபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அதைப் பகிடியாகச் சொல்லிச் சிரிப்பார்கள். காரணம் யாருக்கும் தெரியாது.

மேலே, பார்வையாளர் வரிசையில், கல்லூரியின் விளையாட்டுப் பொறுப்பாளர் மிஸிஸ் ஹார்ட்லி வந்து உட்கார்ந்தாள். கூடவே கண்ணாடி போட்ட ஒருவர். பயிற்சியின் கடைசிப் பகுதியை றொசாந்தி ஐஸில் நின்று நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு.

இடைவேளை விட்டதும் மேலே போய், “மன்னியுங்கள், என்னால் முடியாது” என்று சொல்லிவிடுவதென்று அவள் முடிவெடுத்திருந்தாள்.

*

பாதர் நேசன் காலைப் பூசை முடித்துவிட்டுக் கோயில் குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டிருந்தார். பெர்னடெற் அவரை நடுவழியில் மறித்தாள். முழுக்கதையையும் மூச்சு விடாமல் சொன்னாள். பாதர் தொட்டியின் கைபிடியை விடாமலே கேட்டார்.

“நேர்த்தி ஆர் வைச்சது, அம்மா?”

“நான்தான் பாதர்.”

“பிள்ளையைக் கேட்டோ வைச்சனீங்கள்?”

“அவள் நித்திரை எண்டு…”

“அப்ப அது உங்களைத்தான் கட்டும். பிள்ளையைக் கட்டாது. உங்கட காலை நேர்ந்துவிடலாம். மற்றவையின்ரை காலை நேர்ந்துவிட உங்களுக்கு என்ன உரிமை?”

பெர்னடெற் தலை குனிந்தாள். கண்ணீர் ஐந்தாறு சொட்டு, குப்பைத்தொட்டி மூடிமேல் விழுந்தது. பாதரின் குரல் இறங்கியது.

“அழாதேங்கோ. நீங்கள் பயத்திலை சொன்னதை மாதா பயமெண்டுதான் கேட்டிருப்பா. கடன்கணக்கெண்டு கேட்டிருக்கமாட்டா. மனம் ஆறாட்டில், அதுக்குப் பதிலா ஒரு நல்ல காரியம் செய்யுங்கோ. உங்கட காலாலை நடந்து, உங்கட கையாலை.”

“என்ன காரியம் பாதர்?”

“அது வழியிலை வரும். முதல் பிள்ளையிட்டைப் போங்கோ.” பிறகு கிருசாந்தனைப் பார்த்து, “தம்பி, இந்தத் தொட்டியை அந்த மூலைக்கு ஒருக்கால் தள்ளிவிட்டிட்டுப் போம்” என்றார்.

*

அரங்கின் வாசலில் இருந்த சின்னக் கடையில், கத்தியின் கறையைப் போக்கித் தீட்டித் தரச் சொல்லிக் கிருசாந்தன் நின்றுவிட்டான். பெர்னடெற் மட்டும் உள்ளே போனாள். மகள் ஆடத் தொடங்கிய நாளிலிருந்து அவள் அங்கே வந்ததில்லை. முகத்தில் குளிர் அடித்தது. தலைக்கவசமும் மட்டையுமாகப் பெண் பிள்ளைகள் பயங்கர வேகத்தில் வந்து, ஒருத்தியோடு ஒருத்தி இடித்தார்கள். ஒருத்தி பொத்தென்று விழுந்தாள்.

“பாவம்!” என்று கத்தினாள் ஒருத்தி.

“பாவம்! பாவம்!” என்று மற்றவர்களும் கத்தினார்கள். ஆங்கிலேய நாக்கில் சொல் கொஞ்சம் நீண்டுபோய் ‘பாஆவம்’ என்று கேட்டது. ஆனால் சந்தேகமில்லை, தமிழ்தான்.

மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிற பெர்னடெற்றுக்கு அந்தச் சொல் முதலில் ஒரு பொருளைத்தான் தந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளின் வாயால் மாதாவே தன்னைக் குற்றம் சொல்கிறாளோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அதைக் கண்டாள். இடித்துவிட்டுப் போனவள் சட்டென்று திரும்பி வந்தாள். மட்டையைக் கீழே போட்டாள். விழுந்தவளுக்கு இரண்டு கையையும் நீட்டித் தூக்கிவிட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு ஆட்டம் தொடர்ந்தது.

இடைவேளைக்கு வெளியே வந்த ஹேசல் அவளை அடையாளம் கண்டு ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். புட்டுத் தந்த கையை அவள் மறக்கவில்லை.

“பாவம்… ஏன் பாவம்?” என்று பெர்னடெற் தன் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“எங்கள் கோச் சொல்லித் தந்த சொல்” என்றாள் ஹேசல், ஆங்கிலத்தில், மெதுவாக. “புதிதில் யாராவது விழுந்தால் தன்னை அறியாமல் கத்துவார். என்ன பொருள் என்று கேட்டோம். ‘என் அம்மா சொல்லும் சொல். போய்த் தூக்கிவிடு என்று பொருள்’ என்றார். அன்றிலிருந்து எங்கள் விதி அது. யார் தள்ளி விழுத்தினாலும் அவர்தான் தூக்கிவிட வேண்டும். எதிரணியாக இருந்தாலும்.”

பெர்னடெற் முந்தானை நுனியால் கண்ணைத் துடைத்தாள். தான் தெருவில் விழுந்த பிள்ளைக்கும், மழையில் நனைந்த பூனைக்கும், பஸ்ஸைத் தவறவிட்ட கிழவருக்கும் நினையாமல் சொல்லிவந்த ஒரு சொல், தனக்குத் தெரியாமல் இந்தக் குளிருக்குள் வந்து இத்தனை பேரைத் தூக்கிவிட்டிருக்கிறது.

*

“அம்மா! இஞ்சை என்ன செய்யிறியள்?”

மேலே போகப் படியில் கால் வைத்த றொசாந்தி திகைத்து நின்றாள்.

“இரு. சப்பாத்தைக் கழட்டு.”

தாய்க்குப் பின்னால், தீட்டிய கத்திச் சப்பாத்தோடு கிருசாந்தன் வந்தான். றொசாந்தி அவனை முறைத்தாள்.

“அண்ணை! சத்தியம் பண்ணினனியெல்லோ!”

“என்னைப் பாராதை. நான் ட்ரைவர் மட்டும்தான்.”

“பாதரைக் கேட்டிட்டன்” என்றாள் பெர்னடெற். “நான் வைச்ச நேர்த்தி என்ரை தலையிலையாம். உன்ரை காலிலை இல்லையாம்.” ஒரு கணம் நின்றாள். “நீ நித்திரை எண்டு நினைச்சன், பிள்ளை.”

“நித்திரை மாதிரிக் கிடந்தனான்.”

“பதினாலு வருசமாவோ?”

றொசாந்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். “ஆட்டை நேர்ந்துவிடுற மாதிரி என்னை விட்டிட்டு, இப்ப கேள்வியைப் பாரன்!”

பெர்னடெற் மகளின் முன்னால் முழந்தாளிட்டாள். சப்பாத்தை மாட்டி நாடாவை இறுக்கினாள். பழைய நாடா பட்டென்று அறுந்தது. மற்றதும் அறுந்தது. தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இதுவும் ஓர் அறிகுறியோ என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

“இந்தாருங்கள்” என்று ஹேசல் தன் பைக்குள்ளிருந்து புது நாடா ஒரு சோடி எடுத்து நீட்டினாள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள். அறிகுறி என்றால் அதுவும் ஓர் அறிகுறிதானே.

றொசாந்தி கதவைத் திறந்தாள். வலது காலை வைத்தாள். பிறகு இடது கால். ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு. மேலே மிஸிஸ் ஹார்ட்லி முன்னுக்குக் குனிந்து பார்த்தாள்.

நடு அரங்குக்குப் போகும் முன்னமே றொசாந்தி கால் இரண்டும் மேலே போக, தொப்பென்று விழுந்தாள்.

கிருசாந்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

“பாவம்!” என்று ஹேசல் கத்தினாள்.

“பாஆவம்!” என்று எல்லாப் பிள்ளைகளும் கத்திக்கொண்டு நாலு பக்கத்தாலும் சறுக்கி வந்தார்கள். எத்தனை கைகள் நீண்டன என்று எண்ண முடியாது. இத்தனை வருடமும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று தங்களைத் தூக்கிவிட்டவளை முதல் தடவையாக அவர்கள் தூக்கி நிறுத்தினார்கள்.

றொசாந்தி வெட்கப்படவில்லை. முதுகுப்பக்க ஐஸைத் தட்டிவிட்டு, பயிற்றுநரின் குரலில் கேட்டாள்: “சரி. நான் என்ன பிழை விட்டேன்?”

“காலைப் பார்த்தீர்கள்!” என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். அது அவளே சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

“எங்கே பார்க்க வேண்டும்?”

“போகிற இடத்தை!”

அதன் பிறகு அவள் விழவில்லை. ஓட்டம் பழையபடி வரவில்லைதான். ஆனால் இவ்வளவு காலமும் கண்ணாலே சேர்த்துவைத்ததெல்லாம் இப்போது காலுக்கு இறங்கியது. ஒரு பிள்ளையின் இடுப்பைத் தொட்டுத் திருப்பினாள். கோல் காப்பவளின் முன்னால் மண்டியிட்டு, பந்து போல உருண்டு காட்டினாள். பிள்ளைகள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பெர்னடெற் தடுப்பைப் பிடித்தபடி, உதடு அசைய அசையப் பார்த்துக்கொண்டிருந்தாள். செபமா, சிரிப்பா என்று கிருசாந்தனுக்குத் தெரியவில்லை.

*

பயிற்சி முடிந்ததும் மிஸிஸ் ஹார்ட்லியும் கண்ணாடிக்காரரும் தடுப்பருகே இறங்கி வந்தார்கள். றொசாந்தி மூச்சு வாங்க ஐஸின் நடுவிலிருந்து திரும்பினாள்.

“நன்றாகச் செய்தீர்கள்” என்றாள் மிஸிஸ் ஹார்ட்லி. முகத்தில் சிரிப்பில்லை. “ஆனால் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். இத்தனை வருடமும் நீங்கள் ஐஸில் கால் வைக்கவே இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன்? பழைய காயம் எதையாவது எங்களிடம் மறைத்தீர்களா? அப்படியென்றால் இந்த வேலையைத் தருவது கடினம்.”

றொசாந்தி தாயைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், இத்தனை பேருக்கு முன்னால் அம்மாவின் செபம் ஒரு மூடத்தனமாகத் தெரியும். முழங்கால் என்று சொன்னால் வேலை போகும்.

“என் முழங்கால்…” என்று அவள் தொடங்கினாள்.

“பொறு, பிள்ளை.”

பெர்னடெற்றின் கை தடுப்புக் கதவின் தாழ்ப்பாளில் இருந்தது.

“அவளைக் கேக்காதேங்கோ. அவள் எனக்காகப் பொய் சொல்லப்போறாள்” என்று தமிழிலேயே சொன்னாள். பிறகு மிஸிஸ் ஹார்ட்லியைப் பார்த்து, தன் ஆங்கிலத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்து, “நான் சொல்கிறேன். என் தவறு. அவள் பக்கத்தில் நின்று சொல்கிறேன்” என்றாள்.

“அம்மா! கோயில் சப்பாத்து, வழுக்கும்!” என்று கிருசாந்தன் பதறினான்.

“பாதர் என்ரை காலாலை நடக்கச் சொன்னவர்.”

கதவு திறந்தது. மிஸிஸ் ஹார்ட்லி விலகி வழிவிட்டாள். உள்ளே யாரும் கட்டளையிடவில்லை. யாரோ ஒரு பிள்ளை மட்டும் மெல்ல, கத்தாமல், “பாவம்” என்றாள். ஹேசல் சறுக்கி வந்து இரண்டு கையையும் நீட்டினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள், நடுவில் நின்ற றொசாந்தி வரைக்கும் வரிசையாகக் கை நீட்டி நின்றார்கள்.

பெர்னடெற் சிலுவை அடையாளம் போட்டாள். கீழே பார்க்கவில்லை. போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு, ஐஸில் கால் வைத்தாள்.